மாருதி எஸ்டீமுக்கு 264 கேமா, 280 கேமா? ஹெட் கழன்று கிடக்கிறது, சொல்லுங்கள்

மர்பிடவுன்காரன்
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2004 எஸ்டீம், 1298 சிசி, 16 வால்வு, ஒரே கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு). காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை வந்தது, வால்வு கைடு தேய்ந்துவிட்டது என்று ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதியை, கழற்றியாயிற்று. இதோடு கேமையும் மாற்றிவிட்டால் கூலி மிச்சம். கிடைப்பவை இரண்டு: 264 டிகிரி, 280 டிகிரி (கிராங்க் எத்தனை டிகிரி சுற்றும்வரை வால்வு திறந்திருக்கும் என்பது). லோப் சென்டர், அதாவது இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகளைத் தள்ளும் கேம் மேடுகளின் (லோப்) உச்சிகளுக்கு இடையிலுள்ள கோணம், இரண்டிலும் 108. வாரத்தில் ஐந்து நாள் பெங்களூர் அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி, மாதம் ஒருமுறை ஏற்காடு. மனம் 280 பக்கம் போகிறது. சரியா?

இருபதுவளைவு
280 எடுங்கள் தம்பி. ஹெட் கழற்றும் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான், அப்படியிருக்க 264 போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து "இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே" என்று மறுபடி பெல்ட்டைக் கழற்றுவதில் என்ன பயன்? அந்த இன்ஜின் ஆர்பிஎம் மேலே போகப் போகத்தான் நன்றாக இருக்கும். நான் ஐந்து வருடமாகப் பெரிய கேம் போட்டு இதே ஊரில் ஓட்டுகிறேன். 4,000 தாண்டியதும் வண்டி பிடித்துக்கொண்டு இழுக்கும் பாருங்கள், ஏற்காட்டில் இரண்டாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது அது தெரியும்.

டின்ஃபேக்டரி
அண்ணன் ஏற்காட்டுக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் தம்பி சில்க் போர்டு நெரிசலில் நிற்கிறாரே, அதற்கு யார் பதில் சொல்வது?

கேம் நீளமாகும்போது இன்டேக் வால்வு தாமதமாக மூடும். 6,000 ஆர்பிஎம்மில் காற்று வேகமாக உள்ளே பாய்ந்துகொண்டிருப்பதால், பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் நிரம்பிக்கொண்டே இருக்கும், அதுதான் லாபம். 1,500இல் அந்த வேகம் கிடையாது, மேலே வரும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியைத் திரும்ப மேனிஃபோல்டுக்கே தள்ளிவிடும். அப்புறம் பிக்கப் எங்கிருந்து வரும்? கிளட்ச்சைப் பாதி விட்டு ஊர்ந்துபோகிற இடத்தில் வண்டி உலுக்கும்.

ஓவர்லாப்பையும் (இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒன்றாகத் திறந்திருப்பது) கணக்குப் போடுங்கள். லோப் சென்டர் 108 என்றால் 264க்கு 48 டிகிரி, 280க்கு 64. ஐட்லிங்கில் எக்ஸாஸ்ட் புகை திரும்ப உள்ளே வரும், மேனிஃபோல்டில் இருக்கும் உறிஞ்சல், அதாவது வாக்குவம், விழும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், சென்னையில் 18 அங்குலம் காட்டுகிற இன்ஜின் இங்கே 15தான் காட்டும். அதிலிருந்தும் நாலைந்து அங்குலம் போனால், அந்த வாக்குவத்தை வைத்துத்தான் பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்கு என்ன மிஞ்சும்? பெடல் கல்லாகிவிடும். நெரிசலில் இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதிக்கும்போது அது தெரியவரும். எனக்கு இது பிக்கப் பிரச்சினை இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை.

இருபதுவளைவு
நீங்கள் சொல்வதெல்லாம் கேமை மட்டும் மாட்டிவிட்டு மற்றதைத் தொடாதவனுக்கு. ஹெட் கீழே இருக்கிறதே, அதன் அடிப்பரப்பை அரை மில்லிமீட்டர் சீவி ஸ்கிம் செய்தால் கம்ப்ரஷன் ஏறும், கீழே போன இழுவையில் ஒரு பங்கு திரும்பும். நீங்கள் சொன்ன அதே 900 மீட்டர்தான் இங்கே உதவுகிறது: காற்று மெலிந்திருப்பதால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) பயம் குறைவு. ஐட்லிங்கை 1,050க்கு ஏற்றி, ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) மேப்பைச் சரிசெய்தால் ஏசி போட்டாலும் நிற்கும். என் வண்டி நிற்கிறது.

டின்ஃபேக்டரி
உயரக் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மே மாதம் சென்னைக்கு இறங்கினால்? அங்கே அந்த நாக்கிங் பயம் திரும்ப வரும். ஸ்கிம் செய்தால் ஹெட் கீழே இறங்கும், பெல்ட் வழியாக கேம் டைமிங் பின்னுக்குப் போகும், ஏற்கெனவே தாமதமாக மூடும் வால்வு இன்னும் தாமதமாக மூடும். அதற்கு அட்ஜஸ்ட் செய்யும் கேம் கியர் வேண்டும். அதுவும் ஒரே கேம் என்பதால் மொத்தமாக முன்னே பின்னே தள்ளலாமே தவிர, லோப் சென்டர் 108 என்பது இரும்பில் வெட்டியது, மாறாது. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியும் குறையும். தம்பி, எந்த கேம் போட்டாலும் பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டை மாட்டி, கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றி அந்தக் களிமண்ணை பிளேடால் வெட்டிப் பாருங்கள். இன்டேக்கில் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டில் இரண்டரை இல்லாமல் சாவியைத் திருப்பக் கூடாது.

ஜேசிரோடு_பழையசாமான்
இரண்டு பேரும் நம்பரைப் பற்றியே பேசுகிறீர்கள், கேம் எப்படிச் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. புது பில்லட்டா (முழு இரும்பிலிருந்து வெட்டியதா), பழையதைத் தேய்த்ததா? நான் தேய்த்த கேம் வாங்கி ஏமாந்தவன். பேஸ் சர்க்கிளை (லோபின் மேடில்லாத வட்டப் பகுதி) குறைத்துத்தான் லிஃப்ட், அதாவது வால்வு எழும் உயரம், கூட்டுவார்கள், அப்போது மேலே இருந்த கெட்டியான தோல் போய்விடலாம். 6,000 கிலோமீட்டரில் டிக் டிக் என்று சத்தம், டேப்பட் இடைவெளியை எத்தனை முறை சரியாக வைத்தாலும் இரண்டே நாளில் தளர்ந்தது. ஆயிலை இறக்கி வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பிடித்தேன், புடவை ஜரிகை மாதிரி மினுமினுத்தது. மூன்றாவது லோப் மொட்டையாகிவிட்டது, அந்தத் துகள் ஆயில் பம்ப் வரைக்கும் போய்விட்டது.

இன்னொன்று. 264 என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? வால்வு சீட்டை விட்டு எழும் இடத்திலிருந்தா, 1 மில்லிமீட்டர் லிஃப்ட்டிலிருந்தா? சீட்டிலிருந்து 264 என்றால் சாதுவான கேம். 1 மில்லிமீட்டரில் 264 என்றால் அது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு. வால்வு திறந்து மூடும் அளவுகள் எழுதிய டைமிங் கார்டு கேளுங்கள், கொடுக்காதவரிடம் வாங்காதீர்கள்.

மர்பிடவுன்காரன்
கார்டை வாங்கிவிட்டேன் சார். இரண்டும் சீட்டிலிருந்து அளந்தவை, இரண்டும் புது பில்லட். 264க்கு ஸ்ப்ரிங் மாற்றத் தேவையில்லை என்கிறார்கள், 280க்குக் கட்டாயம்.

இருபதுவளைவு
ஸ்ப்ரிங் விஷயத்தில் விளையாடாதீர்கள், 280 என்றால் ஸ்ப்ரிங், அதைப் பிடிக்கும் ரிடெய்னர் எல்லாம் சேர்த்துத்தான். செலவைப் பார்த்து ஒன்றை விட்டுவிடுவதாக இருந்தால் 264 போட்டுக்கொள்ளுங்கள். முழுசாகச் செய்ய முடியும் என்றால் இன்னமும் என் பதில் 280தான்.

டின்ஃபேக்டரி
ஒரு வாரம் ஆபீஸ் போகும்போது டாக்கோமீட்டரைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறும்வரைக்கும் 2,500 தாண்டியிருக்காது. வண்டி எங்கே வாழ்கிறதோ அந்த ஆர்பிஎம்முக்குத்தான் கேம். 264 போட்டு, ஹெட்டில் காற்று போய்வரும் போர்ட்டைச் சுத்தமாக்கி, பழைய கேமைத் துடைத்து ஆயில் தடவிப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பிடிக்கவில்லை என்றால் திரும்பலாம்.

மர்பிடவுன்காரன்
264 சொல்லிவிட்டேன். ஸ்கிம் வேண்டாம் என்றேன், மட்டம் மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வியாழன் களிமண் வைக்கிறோம், வரும் அளவை இங்கே போடுகிறேன். யாரிடமாவது வாக்குவம் கேஜ் இரவல் கிடைக்குமா?

இருபதுவளைவு
என்னிடம் இருக்கிறது, அல்சூர் ஏரிப் பக்கம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி ஓட ஆரம்பித்ததும் என் வண்டியிலும் மாட்டி இரண்டு ரீடிங்கையும் போடுவோம், டின்ஃபேக்டரி பார்க்கட்டும்.