புற்றுநோய்ச் செவிலியப் பாடத்துக்கு நோயாளர் சூழல்கள் எழுத உதவி தேவை

மதிப்பிற்குரிய செவிலிய ஆசிரியர்களுக்கு வணக்கம். ராயபுரம் பகுதியில் எம்.எஸ்சி. மாணவிகளுக்குப் புற்றுநோய்ச் செவிலியம் கற்பிக்கிறேன். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் மருத்துவக் கல்வியில் தொடங்கிய, பிரச்சினையை முன்வைத்துக் கற்கும் முறையை இந்தப் பருவத்தில் கொண்டுவர விரும்புகிறேன்.

ஒரு சூழலை எழுதியிருக்கிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்ணுக்குக் கீமோ முடிந்த பத்தாம் நாள் இரவு 38.5 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் அடிக்கிறது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, காலை ஏலம் முடிந்த பிறகு மருத்துவமனைக்குப் போகலாம் என்று இருந்துவிடுகிறார். தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே இறங்கியிருந்தால் இந்தக் காய்ச்சல் உயிருக்கே ஆபத்தானது என்பதையும், மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும் என்பதையும் நான் சொல்லாமலேயே மாணவிகள் தேடிக் கண்டடைய வேண்டும். விடையைக் காட்டிக்கொடுக்காமல் எழுதுவதுதான் கடினம்.

முற்றிய நோய்நிலைக்கு இன்னும் சூழல்கள் தேவை. புற்றுக்கட்டி தண்டுவடத்தை அழுத்தும் நிலை, வலி நீக்கும் மார்ஃபினை வாய்வழி தரத் தயங்கும் குடும்பம், குறிப்பாக, “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர்” என்று வார்டு வாசலில் கைகூப்பி நிற்கும் மகன். பாடநூலில் இதற்குப் போதிய இடமில்லை என்பது என் கருத்து.

நீங்கள் வகுப்பில் பயன்படுத்திய சூழல்களையும், குழு விவாதத்தை மதிப்பிடும் படிவங்களையும், நோயாளரின் அடையாளம் நீக்கி இங்கே பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.