பவர் பிரஸ்ஸில் இரண்டு விரல்களை இழந்தேன்: ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 35. கோவையில் ஒரு சிறிய பட்டறையில் ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலமாகச் சேர்ந்து மூன்று ஆண்டுகளாகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ் இயந்திரத்தை ஓட்டி வந்தேன். கடந்த 2025 ஆகஸ்ட் மாதம், இரவு ஷிப்டில், டையின் (அச்சின்) மேல் கோணலாக விழுந்த தகட்டைச் சரிசெய்யக் கையை உள்ளே விட்டபோது, ஒரு மிதிக்கு ஒரு முறை இறங்க வேண்டிய பிரஸ் இரண்டாவது முறையும் இறங்கிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன.

தனியார் மருத்துவமனையில் 68,000 ரூபாய் செலவானது. அதில் 20,000 ரூபாயை ஒப்பந்தக்காரர் கட்டினார். மீதியை என் மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டினோம். இப்போது சிவகங்கை மாவட்டத்தில் என் சொந்த ஊரில் இருக்கிறேன். சட்டைப் பொத்தானைக்கூட இடது கையால்தான் போட்டுக்கொள்கிறேன்.

சென்ற வாரம் ஒப்பந்தக்காரர் ஊருக்கே வந்து, ஐம்பதாயிரம் தருவதாகவும், "இனி இந்த விபத்து தொடர்பாக யாரிடமும் எதுவும் கோர மாட்டேன்" என்று முத்திரைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். பட்டறை முதலாளியைக் கேட்டால், நான் ஒப்பந்தக்காரரின் ஆள் என்கிறார். ஒப்பந்தக்காரரோ, பிரஸ்ஸில் கார்டு (கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்பு மறைப்பு) இல்லாமல் வேலை செய்தது என் தவறு, வழக்குப் போட்டால் ஒன்றும் கிடைக்காது என்கிறார். அந்தக் கார்டை நான் சேருவதற்கு முன்பே, வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர்தான் கழற்றி வைத்திருந்தார். என் சம்பளம் மாதம் 16,500 ரூபாய். சம்பளச் சீட்டு கிடையாது, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தமும் கிடையாது. நான் என்ன செய்ய வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (தொழிற்சங்கப் பணியில் இருப்பவர்)

தம்பி, முதல் வேலையாக அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். பதில் சொல்வதற்கு முன் எனக்கு இரண்டு விவரங்கள் தேவை. பட்டறையில் முதலாளியின் நேரடி ஆட்கள், ஒப்பந்த ஆட்கள் எல்லாரையும் சேர்த்து எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? மருத்துவமனைச் சீட்டில் காயம் எப்படி ஏற்பட்டதாக எழுதியிருக்கிறது?

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் அந்த இடம் இ.எஸ்.ஐ. சட்டத்துக்குள் வந்துவிடும். அந்தக் காப்பீட்டுக்கு உட்பட்டவர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ்த் தனியாகக் கோர முடியாது. எனவே எந்தக் கதவைத் தட்டுவது என்பதே ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது.

கேட்டவர்

ஐயா, எல்லாரையும் சேர்த்து ஏழு பேர்தான். மருத்துவமனைச் சீட்டை இப்போதுதான் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். "வீட்டில் கதவிடுக்கில் கை சிக்கியது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதாம். என்னை உள்ளே கொண்டுபோனபோது பேசியவர் ஒப்பந்தக்காரர். நான் அப்போது மயக்கத்தில் இருந்தேன்.

பதில் 1 (தொடர்ச்சி)

ஏழு பேர் என்றால் இ.எஸ்.ஐ. பொருந்தாது, 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். மின்சாரத்தால் இயந்திரம் ஓடும் உற்பத்தி இடத்துக்கு அந்தச் சட்டம் ஆள் எண்ணிக்கையைக் கேட்பதில்லை. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் விபத்து அதற்கு முன்பே நடந்துவிட்டதால், உங்களுக்கு அப்போதே பிறந்த உரிமை பழைய சட்டப்படியே கணக்கிடப்பட வேண்டும்.

அவர்கள் சொல்லும் காரணங்களில் தவறைப் பற்றியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தொழிலாளிகளை அதிகம் பயமுறுத்துவது அதுதான். வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்ததா என்பதைத்தான் இந்தச் சட்டம் முதலில் கேட்கிறது. தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்பது மட்டும் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்புக்கென்று வெளிப்படையாகச் சொல்லப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியது, தன் பாதுகாப்புக்காகப் பொருத்தப்பட்ட கருவி என்று தெரிந்தும் அதை வேண்டுமென்றே அகற்றியது அல்லது பொருட்படுத்தாமல் விட்டது ஆகிய மூன்றைத்தான் முதலாளி எதிர்வாதமாக வைக்க முடியும். மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஏற்பட்டிருந்தால் அந்த மூன்றும்கூட எடுபடாது. உங்களுடையது பகுதி ஊனம் என்பதால், கார்டு விஷயத்தை அவர்கள் நிச்சயம் கிளப்புவார்கள். அதனால்தான், நீங்கள் சேருவதற்கு முன்பே மேற்பார்வையாளர் கார்டைக் கழற்றினார் என்பதையும், பிரஸ் ஒரு மிதிக்கு இரண்டு முறை இறங்கியது என்பதையும் மனுவில் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும். இரண்டு முறை இறங்கியது கிளட்ச் பழுது. அது உங்கள் கையில் இல்லை.

முதலாளியும் ஒப்பந்தக்காரரும் ஒருவரையொருவர் கைகாட்டுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதலாளியின் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்தாலும், முதன்மை முதலாளியிடமே முழு இழப்பீட்டையும் கோரலாம் என்கிறது 12ஆவது பிரிவு. கொடுத்த பணத்தை ஒப்பந்தக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்வது அவர்கள் இருவருக்கும் இடையிலான விவகாரம். மனுவில் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள்.

இனி தொகை. இரண்டு விரல்களை இழந்தால் உழைத்துச் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்று சட்டத்தின் முதல் அட்டவணையே சொல்கிறது. சம்பளம் 16,500 ஆனாலும் கணக்குக்கு 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள். 2020 ஜனவரி முதல் உச்ச வரம்பு அதுவே. அதில் 60 சதவீதம் 9,000. முப்பத்தைந்து வயதுக்கான பெருக்கெண் 197.06. பெருக்கினால் 17,73,540 ரூபாய் வரும். அது முழு நிரந்தர ஊனத்துக்கு உரியது. அதில் 20 சதவீதம் 3,54,708 ரூபாய். உங்கள் வாசலில் வந்து நீட்டப்பட்ட ஐம்பதாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மருத்துவச் செலவு இதற்குள் அடங்காது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வேலையில் பட்ட காயத்துக்கான சிகிச்சையில் உண்மையாகச் செலவான தொகை முழுவதையும் முதலாளி திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தக்காரர் கட்டிய 20,000 சிகிச்சைக்காகக் கொடுத்தது. அதை இழப்பீட்டில் கழிக்கவும் முடியாது. மீதி 48,000 ரூபாய்க்கான பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் 2

என் அனுபவத்தைச் சொல்வது உங்களுக்கு உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மரம் அறுக்கும் இடத்தில் என் கட்டை விரலை இழந்தேன். அப்போது நாற்பதாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு வழக்கறிஞரிடம் போனபோதுதான் அந்தத் தாள் என்னைக் கட்டுப்படுத்தாது என்று தெரிந்தது. மனுப்போட்டு மீதித் தொகையை வாங்கினேன்.

இந்தச் சட்டத்தின்கீழ்க் கிடைக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 17ஆவது பிரிவு சொல்கிறது. சமரசமாக ஒரு மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டாலும், இந்தச் சட்டத்தின்கீழ் வரும் கோரிக்கைகளை விசாரிக்கும் ஆணையரிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று தோன்றினால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவு செய்யாவிட்டால் முதலாளி முழு இழப்பீட்டுக்கும் பொறுப்பாகிவிடுவார். ஆணையர் வேறு விதமாக உத்தரவிட்டால் ஒழிய, முன்பு கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் அவர் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு போராடுவதைவிடப் போடாமல் இருப்பதே நல்லது. அந்தத் தாளை வைத்துக்கொண்டே என்னை எட்டு மாதம் அலைக்கழித்தார்கள்.

இன்னொன்று. விரல் போன இடத்தில் தண்ணீர் பட்டாலே சுரீர் என்று இழுக்கும். குளிர் காலத்தில் தூங்க முடியாது. இவற்றையெல்லாம் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லி எழுத வையுங்கள். நான் சொல்லவில்லை.

பதில் 3 (வழக்கறிஞர்)

முதல் பதிலில் சொன்ன 20 சதவீதத்தை இறுதி எல்லையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அவருடைய இழப்பை 100 சதவீதமாகக் கொண்டதை உச்ச நீதிமன்றம் 1976இல் ஏற்றுக்கொண்டது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கொடுக்க வேண்டியதாகிறது, ஆணையர் தீர்ப்புச் சொல்லும் நாளில் அல்ல என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நீங்கள் வலது கைக்காரர், பிரஸ் ஓட்டுவது உங்கள் தொழில், தகட்டைப் பிடிக்க உதவும் இரண்டு விரல்களும் இல்லை. உங்களுக்கும் 100 சதவீதம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையின் பிடிப்பு வலு எவ்வளவு குறைந்திருக்கிறது, இனி இயந்திர வேலைக்குத் தகுதி உண்டா என்பதைப் பற்றி எலும்பு முறிவு மருத்துவரின் சான்று இருந்தால், அட்டவணைக்கு மேல் கோருவதற்கு இடமுண்டு.

மருத்துவமனைச் சீட்டில் உள்ள 'கதவிடுக்கு' என்ற வார்த்தைதான் உங்கள் வழக்கின் பலவீனமான இடம். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். விவரம் சொன்னவர் யார் என்று அதில் குறித்திருப்பார்கள். அங்கே ஒப்பந்தக்காரரின் பெயர் இருந்தால், வீட்டில் நடந்த விபத்துக்கு ஒப்பந்தக்காரர் ஏன் நள்ளிரவில் உங்களைத் தூக்கி வந்தார் என்று ஒரே கேள்வியில் அந்தக் கதை உடைந்துவிடும். பட்டறை இருக்கும் பகுதியின் காவல் நிலையத்தில், தாமதத்துக்கான காரணத்தையும் சேர்த்து எழுதிப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஒப்பந்தக்காரரின் கைப்பேசியிலிருந்து உங்கள் கணக்குக்கு எப்போதாவது சம்பளம் வந்திருந்தால், வங்கி அறிக்கையே நீங்கள் அங்கே வேலை செய்ததற்கும் சம்பளத்துக்கும் சான்று. அன்றிரவு உடனிருந்த தொழிலாளி ஒருவர் சாட்சி சொல்ல முன்வந்தால் மிகவும் நல்லது. அவர் அங்கேயே வேலை செய்பவர் என்பதால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

விபத்து நடந்த இடத்தில்தான் மனுப்போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் வழக்கமாக வசிக்கும் பகுதியின் ஆணையரிடமும் போடலாம். கால வரம்பு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். முதலாளி ஒரு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டிய பணம் இது என்பதால், தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் கோர வேண்டும். மனுவில் பலர் இதை எழுத மறந்துவிடுகிறார்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். நீங்கள் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தால், பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியும் உங்களுக்காக வாதாடலாம்.

பதில் 4

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மனைவி திருப்பூரில் இ.எஸ்.ஐ. உள்ள நிறுவனத்தில் வேலை செய்கிறார். காலையில் வேலைக்குப் போகும் வழியில் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தது. சாலையில் நடந்ததால் அது வேலை விபத்து ஆகாது என்கிறார்கள். இது சரியா?

பதில் 3 (வழக்கறிஞர்)

சரியில்லை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றால் வேலையோடு தொடர்புடையது என்று நிறுவப்பட்டால், வேலை விபத்தாகவே கொள்ளப்படும் என்று 2010ஆம் ஆண்டிலேயே இ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டது. நிறுவனம் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். வேலை விபத்து என்பதால், இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அந்த உதவித்தொகை பெறும் காலத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கவும் கூடாது.

கேட்டவர்

எல்லாருக்கும் என் நன்றி. முத்திரைத் தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தக்காரர் எழுபத்தைந்தாயிரம் என்றார். எதுவாக இருந்தாலும் ஆணையர் முன்னால் பேசிக்கொள்ளலாம் என்று சொன்னேன். விபத்துப் பதிவேட்டு நகலுக்கு என் மனைவியும் மைத்துனரும் கோவைக்கே போய் எழுதிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் கிடைத்தது. அழைத்து வந்தவர் என்ற இடத்தில் ஒப்பந்தக்காரரின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றன. வங்கி அறிக்கையில் பதினோரு மாதச் சம்பளம் அவர் எண்ணிலிருந்து வந்திருப்பதும் தெரிகிறது. இவை போதுமா?

பதில் 1 (தொழிற்சங்கப் பணியில் இருப்பவர்)

மனுத் தாக்கல் செய்ய இவை போதும், தம்பி. அதற்கு முன் முதலாளிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் தனித்தனியாக விபத்து அறிவிப்புக் கடிதம் ஒன்றை விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும், போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தங்கள் செலவில் மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள். மறுத்தால் கோரிக்கையை நிறுத்தி வைக்க அதுவே காரணமாகிவிடும். போகும்போது எக்ஸ்-ரேயின் அசலைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள், நகலை மட்டும் கொடுங்கள்.