புதுப்பிப்பு: நகரி மாமாவின் மஞ்சள் கடுதாசி விவகாரம்

ஆந்திராவின் நகரியில் விசைத்தறி ஓட்டும் என் மாமா திவால் மனு (மஞ்சள் கடுதாசி) போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வக்கீலைப் பார்த்தாச்சு. தறிக்காரர் போன்ற தனிநபருக்கு அங்கே இன்னும் 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம்தான். திவால் என்று அறிவித்தால் சொத்து கோர்ட் வசம் போகும். உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை தப்பும்.

வீட்டை அத்தை பேருக்கு எழுதிவிடச் சிலர் சொன்னீர்கள். தயவுசெய்து யாருக்கும் அந்த யோசனை வேண்டாம். திவால் மனு போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் பணம் வாங்காமல் சும்மா எழுதிக்கொடுத்ததைக் கோர்ட் ரத்து செய்யலாம்.

என் பெரிய கவலை மாமாவின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் போட்ட சித்தப்பா. மாமா கடனிலிருந்து விடுபட்டாலும் சித்தப்பாவின் பொறுப்பு தீராது. அதனால் முதலில் வங்கியில் ஒரே தடவையில் கட்டி முடிக்கும் சமரசம் பேசுகிறோம். வங்கி சரி என்றால், அதை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுவோம்.