கொள்ளுத் தாத்தாவின் சைகோன் வெள்ளிக்காசு அசல்தானா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பிரெஞ்சு ஆட்சியில் சைகோனில் அரசுப் பணி செய்து ஊர் திரும்பிய என் கொள்ளுத் தாத்தாவின் மரப்பெட்டியில், அவருடைய ஓய்வூதியக் காகிதங்களோடு பெரிய வெள்ளிக்காசு ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தில் தலையைச் சுற்றிக் கதிர்கள் வீசும் பெண் அமர்ந்திருக்கிறாள். கீழே 1907 என்று ஆண்டு இருக்கிறது. மறுபக்கத்தில் ‘பியாஸ்திர் தெ கொமேர்ஸ்’ என்ற எழுத்தும், தூய்மை 0,900 (பிரெஞ்சு முறையில் காற்புள்ளிதான் தசமப்புள்ளி), எடை 27 கிராம் என்ற குறிப்பும் பிரெஞ்சில் உள்ளன. நகைக்கடைத் தராசில் 26.7 கிராம் காட்டியது. விட்டம் 39 மில்லிமீட்டர். கடைக்காரர் உரைத்துக்கூடப் பார்க்காமல் ஜெர்மன் சில்வர், அதாவது வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணின் முழங்காலருகே சீன எழுத்தைப் போன்ற குத்து முத்திரைகளும் தெரிகின்றன. பாரீசில் வசிக்கும் என் தம்பி இக்காசைத் தன்னுடன் எடுத்துச் செல்ல விரும்புகிறான். அதற்கு முன் இது அசல்தானா என்று அறிய வேண்டும்.

கடலூர் முதுநகர் – பதில்

ஐயா, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பிரெஞ்சு இந்தோசீனாவின் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) வணிகப் பியாஸ்திர் என்ற வெள்ளி நாணயத்துக்கு முழுவதும் பொருந்துகின்றன. இக்காசு 1885 முதல் 1928 வரை வெளிவந்தது. போலிகளை முதலில் காட்டிக்கொடுப்பது எடைக் குறிப்புதான்: தொடக்கத்தில் 27,215 கிராம் என்று பொறிக்கப்பட்டிருந்த எடை 1895இல் 27 கிராமாகக் குறைக்கப்பட்டதால், 1907 என்ற ஆண்டோடு 27,215 என்று இருந்திருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் காசு அந்தச் சோதனையைக் கடந்துவிட்டது. நெடுநாள் கைமாறிய காசில் 0.3 கிராம் தேய்மானம் இயல்பானதே.

ஆயினும் எடையை மட்டும் நம்பிவிட வேண்டாம். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, மெல்லிய நூலில் கட்டிய காசை அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளியும் ஒரு பங்கு செம்பும் கலந்த உலோகத்தின் அடர்த்தி ஏறத்தாழ 10.3 என்பதால், காசின் எடையை அதால் வகுத்தால் வருகிற 2.6 கிராமை தராசு ஒட்டிக் காட்ட வேண்டும். ஜெர்மன் சில்வரானால் 3 கிராமைத் தாண்டிவிடும். உரைகல்லும் கடைகளில் உள்ள எக்ஸ்ரே கருவியும் மேற்பரப்பையே பெரிதும் சோதிப்பதால், கனமான வெள்ளி முலாம் அவற்றை ஏமாற்றக்கூடும். காசின் உள்ளே இருப்பதைத் தண்ணீர்ச் சோதனைதான் சொல்லும். கூடவே உருப்பெருக்கிக் கண்ணாடியில் எழுத்தோரங்களைப் பாருங்கள். வார்ப்புப் போலியில் ஊசித்துளைகளும் மழுங்கிய எழுத்தும், விளிம்பில் அச்சு சேர்ந்த கோடும் தெரியும்.

முத்திரைகள் சேதமல்ல. வெள்ளியைச் சோதித்து ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகச் சீன வணிகர்கள் தட்டியவை அவை; போலியிலும் அவற்றைத் தட்ட முடியும் என்பதால் அசல் என்பதற்குச் சான்றாக அவற்றைக் கொள்ளாதீர்கள்.

லாஸ்பேட்டை – பதில்

புளி, பற்பொடி, வெள்ளி மெருகுத்தூள் எதையும் தயவுசெய்து அந்தக் காசின்மேல் போடாதீர்கள். அந்தக் கருமை பல ஆண்டுகளாகப் படிந்தது. தேய்த்தால் அதோடு மேற்பரப்பும் போய்விடும், பிறகு எவராலும் மீட்க முடியாது. மாலையில் கோப்பதற்காக வளையம் பற்றவைக்கவும் வேண்டாம்.

முத்தியால்பேட்டை – மறுமொழி

மிக்க நன்றி. தண்ணீர்ச் சோதனையில் 2.59 வந்தது. விளிம்பு வரிகள் ஒரே சீராக உள்ளன. கோடோ துளையோ இல்லை.

கடலூர் முதுநகர் – பதில்

அப்படியானால் இது அசல் என்றே கொள்கிறேன், மகிழ்ச்சி. தம்பியிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகும். வீட்டில் வைத்திருப்பது குற்றமன்று, ஆனால் தனிமனிதர் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பயணப் பெட்டியில் வைத்தனுப்பி விமான நிலையத்தில் அதை இழந்துவிடாதீர்கள். இரு பக்கங்களையும் விளிம்பையும் தெளிவாகப் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள். காசு அந்த ஓய்வூதியக் காகிதங்களோடு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அது யாருடையது, எவ்வழியாக வந்தது என்பதற்கு அந்தக் காகிதங்களே ஆதாரம்.