இழை: ஃப்ரிட்ஜைச் சுற்றி விடும் 'கிளியரன்ஸ்' – தமிழில் என்ன?

ந. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். குளிர்பதனப் பெட்டி ஒன்றின் நிறுவல் கையேட்டைத் திங்களுக்குள் தமிழாக்கி முடித்துத் தர வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு வாக்கியங்கள். "கதவுக்கும் ரப்பர் பட்டைக்கும் இடையே இடைவெளி இருக்கக் கூடாது." "பெட்டிக்கும் அலமாரிக்கும் இடையே இடைவெளி இருக்க வேண்டும்; இடம் போதாவிடில் அலமாரியைக் கழற்றவும்." முன்னது பழுது, பின்னது கட்டாயம். 60 செ.மீ. பெட்டிக்காகக் கட்டிய மூலையில் 91 செ.மீ. இரட்டைக் கதவுப் பெட்டியை நுழைக்கப் பார்ப்பவர்தாம் இதைப் படிப்பார். பின்னதற்குத் தனிச்சொல் வேண்டும்.

செ.:
அம்மா, முதலில் 'அலமாரி'யையே கழற்றுங்கள். போர்ச்சுகீசியர் விட்டுப்போனது அது. நிலைப்பேழை என்க. நீங்கள் கேட்டதற்கு: விடுவெளி. விட்ட வெளி, விடுகின்ற வெளி, விடும் வெளி. முக்காலமும் அடங்கிய வினைத்தொகை.

மு. (பாலிடெக்னிக்):
செ. ஐயாவின் சொல்லை வகுப்புப் பலகையில் எழுதினேன். "சார், விண்வெளியத் தப்பா எழுதிட்டீங்க" என்றான் ஒருவன். அது கிடக்கட்டும். இங்கே இருப்பது ஒரு பொருளன்று, இரண்டு. பழைய பெட்டிகளில் கறுப்புக் கம்பிச்சுருள் முதுகில் வெளியே தெரியும். இப்போது பலவற்றில் அந்தக் குழாயைப் பக்கத் தகட்டின் உட்புறம் பதித்துவிடுகிறார்கள். கை வைத்தால் சூடு தெரியும். இருபுறமும் பலகை நெருக்கினால் சூடு போக வழியின்றிக் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். இது சூட்டுக்கு விடும் இடம். சுவரோரம் வைத்தால் கதவு முழுக்கத் திறக்காது, காய்கறித் தட்டை இழுக்க முடியாது. அது கதவுக்கு விடும் இடம். இரண்டுக்கும் ஒரே பெயரா?

க.:
நான் மாடுலர் கிச்சன் வேலை எடுத்துச் செய்பவன். எங்கள் ஆசாரிகள் 'கேப் விடு' என்பார்கள், வேலை நடந்துவிடும். சொல்லைவிட முக்கியமான ஒன்று: மேடைக்கடியில் கடப்பா கல் நிறுத்திக் கிரானைட் போட்டிருந்தால் மரப்பெட்டியைத் தைரியமாகக் கழற்றலாம். கிரானைட்டே மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தால் முட்டுக் கொடுக்காமல் தொடக் கூடாது, கல் பிளந்துவிடும். கழற்றிய பிறகு கீழே டைல்ஸ் இல்லாமல் வெறும் சிமெண்ட் பல்லிளிப்பதும் உண்டு. கையேட்டில் இதெல்லாம் இருக்கிறதா மேடம்?

செ.:
'விடுவெளி' பிடிக்காவிட்டால் 'இடைகழி' இருக்கவே இருக்கிறது. இடைகழிதான் ரேழி ஆயிற்று என்பது தெரிந்ததே. வீட்டு வாசலுக்கும் உள்வீட்டுக்கும் இடையே கழிந்து செல்லும் இடம். காற்றும் அப்படித்தானே கழிகிறது? 'கழி' என்ற வேரிலிருந்து கழிமுகம் வரை...

ம.:
ஐயா, கழிமுகம் வரை போக வேண்டாம், திருக்கோவலூரோடு நிறுத்திக்கொள்வோம். முதலாழ்வார்கள் மூவரும் மழைக்கு ஒதுங்கிய அந்த ஊர் இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். ஆழ்வார் மூவரும் நின்றபின் நாலாவதாகப் பெருமாளும் வந்து நெருக்கினார். நெருக்குவதற்கே பேர்போன இடத்தின் பெயரை, நெருக்காதே என்று சொல்லும் வாக்கியத்திலா வைப்பது?

த. (யாழ்ப்பாணம்):
அலமாரியைக் கழட்டச் சொன்னால் எங்கட குசினியையும் கழட்ட வேணும், அதுவும் போர்த்துக்கேயர் தந்ததுதான். என்ர யோசனை வேற. பழுதுக்குத்தான் பேர் மாத்த வேணும். கதவிடுக்கு எண்டு சனம் சொல்லுறதுதானே? ரப்பர் பட்டையில 'இடுக்கு' எண்டு போடுங்கோ. மற்றது இடைவெளியாகவே இருக்கட்டும்.

மு.:
நல்ல யோசனை. 'காற்றுக்கான இடைவெளி', 'கதவுக்கான இடைவெளி' என்று பிரித்தால் என் கேள்வியும் தீர்ந்தது.

ம.:
எனக்கும் சம்மதம். இனிமேல் வாதாடத் தெம்பில்லை.

ந.:
நன்றி. 'இடுக்கு' என்றே போடுகிறேன், த. சொன்னபடி. அலமாரி அலமாரியாகவே போகிறது, செ. ஐயா பொறுத்தருள்க. க. சொன்ன கிரானைட் எச்சரிக்கை மூலத்தில் இல்லை. சேர்க்கலாமா என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன்.

செ.:
பெரும்பான்மை வென்றது, இலக்கணம் தோற்றது. இடைவெளி என்றால் இரண்டு பொருள்களுக்கு இடையே இருக்க வேண்டும். மேலே இருந்த பேழையைக் கழற்றிய பின் பெட்டியின் தலைக்கு மேல் இருப்பது எதற்கும் எதற்கும் இடை?

க.:
சீலிங் இருக்கே ஐயா.

செ.:
'சீலிங்' தமிழா? தனி இழை தொடங்குகிறேன்.