பர்மா சாப்பாடு என்றால் அத்தோ மட்டும்தானா?

பீச் ஸ்டேஷன்வாசி:
பர்மா பஜார் பக்கத்து வண்டிக்கடைகளில் அத்தோ என்கிற பிசைந்த நூடுல்ஸ், வாழைத்தண்டு சூப், வெங்காயம் அடைத்த முட்டை எல்லாம் வழக்கமாகச் சாப்பிடுகிறவன். நூடுல்ஸைப் பார்த்தால் சீனா, புளித்தண்ணீரைப் பார்த்தால் நம் ஊர். பர்மாவில் நிஜமாகவே இப்படித்தான் சாப்பிடுகிறார்களா, இல்லை சென்னையில் உருவான சரக்கா?

ரங்கூன் பேத்தி:
அங்கிருந்து வந்ததுதான். 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறிய குடும்பம் எங்களுடையது. பர்மாவில் எதையும் கையால் பிசைந்துவிடுவார்கள்: நூடுல்ஸ், இஞ்சி, ஊறவைத்த தேயிலை, ஏன், சமோசாவைக்கூட வெட்டிப்போட்டு முட்டைக்கோஸ், புளித்தண்ணீர் விட்டுப் பிசைவார்கள். நீங்கள் குடிக்கிற சூப்புக்கு மூலம் மொஹிங்கா. கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, எலுமிச்சைப்புல், வாழைத்தண்டு சேர்த்து, கடலை மாவோ வறுத்த அரிசி மாவோ கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றுவது, அங்கே காலை டிபனே அதுதான். நம் வண்டிக்கடையில் பெரும்பாலும் மீன் இருக்காது, தண்டு மட்டும் மிஞ்சியது.

மலைப்பாதை:
இது சீனா, அது இந்தியா என்று பங்கு போட்டால் பாதி விஷயம் தவறிப்போகும். கடலை மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பஜ்ஜிக்குக் கரைக்கிறோம், பர்மியர்கள் கோழி போட்ட தேங்காய்ப்பால் நூடுல்ஸை அதை வைத்துக் கெட்டியாக்குகிறார்கள். சீனா, லாவோஸ், தாய்லாந்து மூன்றையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஷான் மாநிலத்திலோ சோயாவே இல்லாமல் கடலை மாவில் தோஃபு (வழக்கமாகச் சோயாப்பாலில் செய்கிற, பனீர் மாதிரியான கட்டி) செய்கிறார்கள், எனக்கு அந்த ஊர்ச் சமையலிலேயே பிடித்தது அதுதான். மேற்கே வங்கதேசத்தை ஒட்டிய ரக்கைனுக்குப் போனால் காரம் ஏறிவிடும். குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை வதக்குவது நமக்குப் பழகியதுதான், ஆனால் மல்லி, சீரகம் எல்லாம் குறைவு, அந்த இடத்தை ஙப்பி என்கிற மீன், இறால் விழுது பிடித்துக்கொள்கிறது.

பீச் ஸ்டேஷன்வாசி:
ஙப்பி வேண்டாம் சாமி, வீட்டில் விரட்டிவிடுவார்கள். அந்தத் தோஃபு நாமே செய்ய முடியுமா?

மலைப்பாதை:
தாராளமாக. ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர், உப்பு, மஞ்சள். கட்டி தட்டாமல் கரைத்து, கைவிடாமல் கிளறிக் காய்ச்சித் தட்டில் ஊற்றுங்கள். நன்றாக ஆறி இறுகியதும் துண்டு போட்டுப் பொரிக்கலாம், இல்லையென்றால் புளித்தண்ணீரும் பூண்டெண்ணெயும் விட்டு அப்படியே சாப்பிடலாம்.