போர்ட்டர் என்கிற கருப்பு பியரை முதன்முதலில் எங்கே குடித்தீர்கள்?

லண்டன்வாசி:
பிக்காடிலி தெருவில், கிரீன் பார்க் ஓரமாக, இரண்டு இரும்புக் கால்களின் மேல் தோள் உயரத்துக்கு ஒரு மரப்பலகை நிற்கிறது. உடைந்துபோன பஸ் நிறுத்தத்தின் மிச்சம் என்று நினைத்துப் பல மாதம் கடந்து போயிருக்கிறேன். ஒருநாள் நின்று படித்தேன். முதுகில் பாரம் சுமக்கும் போர்ட்டர்கள் குனியாமல் இறக்கி வைக்க 1861இல் நட்டதாம். அட, நம்ம ஊர்ச் சுமைதாங்கி! (இப்போது இருப்பது அதைப் போலவே செய்த நகல்.)

அன்று மாலையே பப்பில் ஒரு போர்ட்டர் கேட்டேன். பார்க்கக் கருப்புதான், ஆனால் விளக்குக்கு நேரே தூக்கினால் அடியில் மாதுளைச் சிவப்பு தெரிந்தது. முதல் வாய் சிக்கரி தூக்கலான காபி மாதிரி. அப்புறம் லேசாகத் தீய்ந்த வெல்லப்பாகு. பக்கத்து மேசைப் பெரியவர் தானாகவே ஆரம்பித்தார்: 1722இல் லண்டன் ஷோர்டிச்சில் ரால்ஃப் ஹார்வுட் என்பவர் கண்டுபிடித்தாராம், மூன்று பீப்பாய்களிலிருந்து பிடித்துக் கலக்கிற வேலையை மிச்சப்படுத்த. இந்தக் கதை 1802இல் வந்த லண்டன் வழிகாட்டி நூல் ஒன்றால் பரவியது. 'போர்ட்டர்' என்ற பெயரோ 1721இலேயே அச்சில் இருக்கிறது. பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்தார்களா என்ன?

எனக்குச் சரியாகப் படுவது இதுதான். லண்டனில் ஏற்கெனவே காய்ச்சிக்கொண்டிருந்த பழுப்பு பியரில் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவைக் கூட்டி, மாதக்கணக்கில் ஊறப் போட்டார்கள். தேம்ஸ் துறைகளிலும் தெருக்களிலும் மூட்டை தூக்கியவர்கள் அதை விரும்பிக் குடித்தார்கள். காய்ச்சியவன் பெயர் நிற்கவில்லை, குடித்தவன் பெயர் ஒட்டிக்கொண்டது. ரயில் நிலையத்தில் நாம் கூப்பிடுகிற அதே போர்ட்டர்தான்.

மலைநாட்டான்:
நான் முதலில் குடித்தது போர்ட்டர் இல்லை, அதன் தம்பி. நுவரெலியாவில் லயன் ஸ்டவுட். குளிருக்கு இதமாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டாவது போத்தலோடு எழும்ப முடியவில்லை. ஸ்டவுட் என்றால் அந்தக் காலத்தில் 'வீரியமானது' என்றுதான் அர்த்தம். 'ஸ்டவுட் போர்ட்டர்' என்று சொல்லிச் சொல்லி, பின்பாதி உதிர்ந்து போனது. இன்றைய கருகல் கருப்புக்கு வேறு காரணம்: 1817இல் டேனியல் வீலர் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) உருளையில் போட்டுக் காப்பிக்கொட்டை போல் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கொஞ்சம் போட்டாலே நிறம் ஏறிவிடும்.

நாடகப் பைத்தியம்:
லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு டொமினியன் தியேட்டருக்குப் போனால் ஒரு நிமிஷம் வாசலில் நில்லுங்கள். அங்கேதான் ஹார்ஸ் ஷூ மதுவடிப்பாலை இருந்தது. 1814 அக்டோபர் 17 அன்று 22 அடி உயரப் போர்ட்டர் தொட்டி ஒன்று வெடித்து, பின்தெரு வீடுகளை அடித்துக்கொண்டு போனது. எட்டுப் பேர் செத்தார்கள், அதில் ஐந்து பேர் ஒரு குழந்தையின் இழவுக்குக் கூடியிருந்தவர்கள். விசாரணையில் 'தற்செயலான விபத்து' என்று எழுதி முடித்துவிட்டார்கள். தொட்டியின் இரும்பு வளையம் கழன்றதை ஒரு மணி நேரம் முன்பே குமாஸ்தா பார்த்திருக்கிறார். மேலிடத்தில் சொன்னபோது, இது அடிக்கடி நடப்பதுதானே, அப்புறம் சரிசெய்ய ஒரு சீட்டு எழுதிவை என்றார்களாம். வெடித்தபோது அந்தச் சீட்டு அவர் கையில் இருந்தது.